ஐரோப்பாவில் வேட்டைக்குப் போகும்போது தோட்டா கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வேட்டைக்கு வருகிற தமிழர்களும், நார்வேயிலோ ஜெர்மனியிலோ குடியிருந்து பக்கத்து நாட்டுக் காட்டுக்குப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. துப்பாக்கியைப் பற்றி எல்லோரும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். தோட்டாவை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கடைக்குப் போய் நேராகத் தோட்டா வாங்கிவிட முடியுமா?

சரியான காகிதம் கையில் இருந்தால் முடியும். இல்லையென்றால் ஒரு தோட்டாகூட விற்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆயுதச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: ஒரு துப்பாக்கியை வைத்திருக்க என்ன நிபந்தனையோ, அதன் தோட்டாவை வாங்கவும் வைத்திருக்கவும் அதே நிபந்தனைதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் தூண்டில் முள் வாங்குகிற கடையிலேயே தோட்டாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரலாம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். வாங்குகிறவர் மேல் சந்தேகம் வந்தால் விற்க மறுக்கவும் கடைக்காரருக்கு அதே சட்டம் உரிமை தருகிறது. அதனால் கடையில் முதலில் காகிதத்தை நீட்டுங்கள், காலிபரை (குழலுக்கும் தோட்டாவுக்கும் உரிய அளவை) அப்புறம் சொல்லுங்கள்.

அந்தக் காகிதம் எது?

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒன்றியத்து நாடொன்றிலோ நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாட்டிலோ குடியிருந்தால் ஐரோப்பியத் துப்பாக்கி பாஸ் வாங்கிக்கொள்ளலாம். 1991இல் வந்த ஏற்பாடு இது. அதிகபட்சம் 5 ஆண்டுக்குக் கொடுப்பார்கள், நீட்டித்தும் தருவார்கள். உங்கள் துப்பாக்கியின் விவரம் அதில் பதிவாகியிருக்கும். பாஸ் மட்டும் போதாது, எதற்காகப் போகிறீர்கள் என்பதற்கு ஆதாரமும் வேண்டும். வேட்டைக்கு அழைத்தவரின் கடிதமே வழக்கமான ஆதாரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: வேட்டைக்காரர்களுக்கான இந்தச் சலுகை சி வகைத் துப்பாக்கிகளுக்குத்தான். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) அதில் வந்துவிடும். சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் என்றால் போகிற நாட்டில் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்குங்கள்.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த பாஸ் கிடையாது. அந்தந்த நாட்டின் தற்காலிக இறக்குமதி அனுமதிதான் வழி. ஸ்பெயினில் அது குவார்டியா சிவில் என்ற காவல் படையின் கையில், ஸ்வீடனில் காவல்துறையின் கையில் இருக்கிறது.

ஜெர்மனியில் வேட்டை லைசென்ஸ்தான் எல்லாவற்றுக்கும் சாவி. வெளிநாட்டுக்காரர்களுக்கும் தருவார்கள், 14 நாளைக்கான குறுகிய காலச் சீட்டும் உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் நீண்ட குழல் துப்பாக்கிக்கான தோட்டாவுக்குத் தனி அனுமதி தேவையில்லை.

பிரிட்டன் தனிக் கதை. ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய பாஸ் அங்கே செல்லாது. வருகையாளர் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே இருக்கும் ஒருவர்தான் உங்கள் சார்பில் காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் காலிபரில் எத்தனை தோட்டா என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித் தருவார்கள். விண்ணப்பத்தில் குறைவாகப் போட்டுவிட்டு அங்கே போய் அதிகம் கேட்க முடியாது.

சுவிட்சர்லாந்தில் இலங்கைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. சுவிஸ் ஆயுத ஆணை சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதமும் தோட்டாவும் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட் மட்டும் என்றால் இந்தத் தடை பொருந்தும். வேட்டையிலோ சுடும் போட்டியிலோ கலந்துகொள்வதற்கு விதிவிலக்கு தரக் கன்டோன் (சுவிஸ் மாநில) அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. நண்பருடைய பெட்டியிலிருந்து நாலு தோட்டா எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றம்தான். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும்.

எந்தக் காலிபர் எங்கே சுலபமாகக் கிடைக்கும்?

.308 வின்செஸ்டர், .30-06 இரண்டும் ஐரோப்பா முழுக்கவே கிடைக்கும். எதை எடுத்துப் போவது என்று தீர்மானிக்காதவர்களுக்கு நான் சொல்வது .30-06. சிறிய ரோ மானிலிருந்து மிகப் பெரிய மான் வகையான மூஸ் வரை போதும், சின்ன ஊர்க் கடையிலும் ஏதாவது ஒரு பெட்டி இருக்கும். .300 வின்செஸ்டர் மேக்னமும் பரவலாக உண்டு.

ஸ்வீடன், நார்வே பக்கம் 6.5×55தான் (இந்த எண்களின் பொருள் அடுத்த கேள்வியில்) வீட்டுப் பிள்ளை. இரண்டு நாடுகளும் 1890களில் ராணுவத்துக்காக ஏற்றுக்கொண்ட தோட்டா, இன்றும் மூஸ் வேட்டையில் நிற்கிறது. கூடவே 9.3×62. பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ போக் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் 1905இல் உருவாக்கியது. காட்டுப்பன்றி, மூஸ் இரண்டுக்கும் இதன்மேல் நம்பிக்கை வைத்தவர்கள் ஸ்காண்டிநேவியாவிலும் ஜெர்மனியிலும் ஏராளம்.

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 7×64, 8×57 ஐஎஸ், 6.5×57, அப்புறம் விளிம்பு வைத்த தோட்டாக்கள்: 7×65 ஆர், 8×57 ஐஆர்எஸ், 9.3×74 ஆர். இந்த நாடுகளில் குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கிகள் அதிகம். அதனால் அமெரிக்கக் கடையில் பார்த்தே இராத இந்த வகைகள் இங்கே சாதாரணம்.

பிரான்ஸின் விஷயம் சுவாரஸ்யமானது. 1939இன் அரசாணை ராணுவக் காலிபர் துப்பாக்கிகளைத் தனி வகையாக்கிக் கட்டுப்படுத்தியது. .30-06, .308, 8×57 ஐஎஸ் எல்லாம் வேட்டைக்காரர்களுக்கு எட்டாமல் போயின. ராணுவம் தொடாத 7×64, .280 ரெமிங்டன் போன்றவை அங்கே வேரூன்றின. 2013 செப்டம்பரில் சட்டம் மாறி .30-06, .308 இரண்டும் வேட்டைக்காரர்களுக்குத் திறந்தன. ஆனால் பழைய பழக்கம் அலமாரியில் இன்னும் தெரிகிறது: அமெரிக்காவிலேயே தேட வேண்டியிருக்கும் .280 ரெமிங்டன் பிரெஞ்சுக் கடையில் கிடைக்கும்.

.257 ராபர்ட்ஸ், .35 வீலன், புதிதாக வந்த அமெரிக்க மேக்னம்கள் இவற்றை இங்கே தேடி அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: சுவிஸின் கிராபுண்டன் கன்டோனில் செப்டம்பர் மாத மலை வேட்டைக்கு நெடுங்காலமாகப் பெரிய காலிபர்தான் விதி. அதற்காகவே இருக்கிற 10.3×60 ஆர் தோட்டாவை அந்த மலைகளைத் தாண்டினால் பார்ப்பது அரிது.

2022க்குப் பிறகு உக்ரைன் போரால் வெடிமருந்துக்கும் அதைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் ராணுவத் தேவை ஏறி, வேட்டைத் தோட்டாவின் விலையும் கூடிவிட்டது. பொதுவான காலிபரிலும் நீங்கள் விரும்பும் அதே குண்டு இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். தெற்கு ஸ்வீடனில் மூஸ் வேட்டை அக்டோபர் இரண்டாம் திங்களன்று தொடங்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை கடை தேடுவது நல்ல யோசனை இல்லை.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

இதை நிதானமாகப் படியுங்கள், கண்ணையும் கையையும் காப்பாற்றும் விஷயம்.

7×64 போன்ற ஐரோப்பியப் பெயர்களில் முதல் எண் காலிபர், இரண்டாவது எண் பித்தளைக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டிருப்பார்கள்: 6,5×55 என்றிருந்தால் அது 6.5×55தான். கடைசியில் ஆர் இருந்தால் விளிம்பு உள்ள தோட்டா. 7×64 போல்ட் ரைஃபிளுக்கு, 7×65 ஆர் மடக்குத் துப்பாக்கிக்கு. ஒன்றுக்காக மற்றொன்றை வாங்காதீர்கள், பயன்படுத்தவும் கூடாது.

உண்மையான ஆபத்து 8×57இல் இருக்கிறது. ஜெர்மன் ராணுவத்தின் 1888 ரைஃபிளுக்கு வந்த பழைய குண்டின் விட்டம் சுமார் 8.08 மில்லிமீட்டர். 1905இல் அதை 8.22 ஆக மாற்றினார்கள். பழையது 8×57 ஐ, புதியது 8×57 ஐஎஸ். சில பெட்டிகளில் ஐ இருக்கும் இடத்தில் ஜே என்று அச்சடித்திருக்கும், இரண்டும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது எஸ் இருக்கிறதா இல்லையா என்பதை. பழைய குழலில் எஸ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறும், துப்பாக்கி வெடிக்கவும் கூடும். தாத்தா காலத்து மடக்குத் துப்பாக்கியை யாராவது அன்போடு உங்களிடம் கொடுத்தால், குழலின் அடியில் பொறித்திருப்பதைப் படிக்காமல் ஒரு தோட்டாவும் நுழைக்காதீர்கள். அமெரிக்க நிறுவனங்கள் இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் '8 எம்எம் மவுசர்' என்ற பெயரில் வேகம் குறைத்த தோட்டா விற்கின்றன. ஐரோப்பியப் பெட்டியில் இருப்பது முழு பலத்தோடு வரும்.

ஒரே தோட்டாவுக்கு இரண்டு பெயரும் உண்டு. பிரிட்டனில் .275 ரிக்பி என்பது 7×57. பழைய பெட்டிகளில் '7 எம்எம் எக்ஸ்பிரஸ் ரெமிங்டன்' என்று இருப்பது .280 ரெமிங்டன். ஆனால் .280 ரெமிங்டனும் 7×64உம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. கடைசி வார்த்தை உங்கள் குழலில் பொறித்திருப்பதுதான். அதையும் பெட்டியையும் தோட்டாவின் அடியில் உள்ள முத்திரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

எடையை ஐரோப்பாவில் கிராமில் எழுதுவார்கள், பல பெட்டிகளில் கிரெய்னும் கூடவே இருக்கும். ஒரு கிராம் 15.43 கிரெய்ன். 180 கிரெய்ன் என்றால் 11.7 கிராம், 150 என்றால் 9.7.

என் காலிபர் அந்த நாட்டில் அந்த விலங்குக்கு அனுமதிக்கப்பட்டதா?

கடையில் கிடைக்கிறது என்பதற்காக அனுமதி உண்டு என்று ஆகாது. ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் குண்டின் ஆற்றல் குறைந்தது 1000 ஜூல் வேண்டும். மற்ற பெரிய குளம்பு விலங்குகளுக்குக் காலிபர் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 100 மீட்டரில் 2000 ஜூல் இருக்க வேண்டும். .243 வின்செஸ்டர் சுமார் 6.2 மில்லிமீட்டர்தான், எனவே அதோடு காட்டுப்பன்றியைத் தொட முடியாது. ஸ்வீடனில் மூஸுக்கு 9 கிராம் குண்டு என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல், 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2000 ஜூல். 6.5×55க்காரர்கள் அங்கே 10.1 கிராம், அதாவது 156 கிரெய்ன் குண்டையே கேட்டு வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஈயத் தோட்டா தடையா?

சில இடங்களில் ஆம். ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டும் வருகிறது. டென்மார்க் 1996இலேயே ஷாட்கன் தோட்டாவில் ஈய ரவையைத் தடை செய்தது. 2024 ஏப்ரல் 1 முதல் ரைஃபிள் தோட்டாவிலும் ஈயம் கூடாது. ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், பாடன்-வுர்ட்டம்பெர்க் போன்றவை ஈயமில்லாத குண்டைக் கேட்கின்றன. ஒன்றியம் முழுக்க, 2023 பிப்ரவரி 15 முதல் நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை சுடக் கூடாது.

இந்தத் தடைகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சுட்ட விலங்கின் குடலையும் கழிவையும் காட்டில் விட்டுவிட்டு வந்தால் அதைத் தின்பது கழுகுகள்தான். அதிலுள்ள ஈயத் துகள் அவற்றைக் கொல்கிறது. அதே விலங்கின் இறைச்சியை நம் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

செம்புக் குண்டு வாங்கும்போது எடையைப் பாருங்கள். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே காலிபரில் குறைந்த எடைக் குண்டுகளே அதிகம் வரும். மேலே சொன்ன மாதிரி எடைக்கு விதி உள்ள நாடுகளில் அது கீழே இறங்கிவிடலாம்.

விமானத்தில் எவ்வளவு கொண்டுபோகலாம்?

சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி ஒருவருக்கு மொத்த எடை 5 கிலோ வரை, செக்-இன் பெட்டியில் மட்டும், சொந்த உபயோகத்துக்கு. வெடிக்கும் குண்டும் தீப்பற்றும் குண்டும் கூடாது. இருவர் சேர்ந்து பயணித்தாலும் இரண்டு பேர் பங்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டக் கூடாது. விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் கட்டாயம். பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லி, எழுத்தில் பதில் வாங்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாமா, தனிப் பூட்டுப் பெட்டி வேண்டுமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. இடையில் மாறும் விமானம் வேறு நிறுவனமாக இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள்.

.30-06 தோட்டா இருபது கொண்ட பெட்டி அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஒரு வார வேட்டைக்கு மூன்று பெட்டி தாராளம். கிடைக்குமா என்று யோசிப்பதைவிட, உங்கள் ரைஃபிள் பழகிய தோட்டாவைக் கூடவே எடுத்துப் போவதுதான் என் முதல் ஆலோசனை. உள்ளூர்க் கடை மாற்று ஏற்பாடாக இருக்கட்டும்.

துப்பாக்கி வந்தது, தோட்டா வரவில்லை. என்ன செய்வது?

விமான நிறுவனத்தின் கவுன்டரில் எழுத்துப் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். காணாமல் போனது தோட்டா என்பதால் விமான நிலையக் காவல்துறைக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்த போன் உங்களை அழைத்தவருக்கு. எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும், உங்கள் காலிபர் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடை திறக்காது. பிரான்ஸின் சிறு ஊர்களில் திங்களன்றும் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு வந்து சேர்கிற டிக்கெட்டைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

புதுத் தோட்டா வாங்கினால் நேராகக் காட்டுக்குப் போகலாமா?

கூடவே கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே காலிபர், ஒரே எடை என்றாலும் நிறுவனம் மாறினால் 100 மீட்டரில் குண்டு விழும் இடம் சில சென்டிமீட்டர் நகரும். சில ரைஃபிள்களில் ஒரு சாண்கூட நகரும். அது காகிதத்தில் வெறும் ஓட்டை. காட்டில், வயிற்றில் அடிபட்ட ஒரு மான் இரவு முழுக்க வலியோடு படுத்திருக்கும்.

எந்த அவசரமானாலும் சுடுதளத்துக்குப் போங்கள். வேட்டைக்கு அழைத்தவர்கள் ஏற்பாடு செய்து தருவார்கள், பலர் அதை அவர்களே வலியுறுத்துவார்கள். குழல் ஆறியபின் மூன்று மூன்றாகச் சுட்டு, நடுவைப் பார்த்து ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருத்துங்கள். அமெரிக்க ஸ்கோப்பில் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் எம்ஓஏ (கோண அளவு), 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஸ்கோப்பில் பொதுவாக ஒரு கிளிக் 1 சென்டிமீட்டர். இரவல் ரைஃபிளில் இந்த வித்தியாசம் தெரியாமல் திருப்பினால் இருந்ததும் கெடும்.

ஜெர்மன் பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை இருக்கும். 50, 100, 150, 200, 300 மீட்டரில் குண்டு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று போட்டிருப்பார்கள். ஜிஇஇ என்று மூன்றெழுத்தும் ஒரு தூரமும் இருக்கும். குண்டின் பாதை பார்வைக் கோட்டுக்கு மேல் எங்கேயும் 4 சென்டிமீட்டருக்கு மேல் ஏறாதபடி ஸ்கோப்பை வைத்தால் எந்தத் தூரத்தில் நேராக அடிக்கும் என்பதே அது. நடைமுறையில் 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் மேலே வைத்துவிடுவார்கள். அட்டவணை நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் குழலின் நீளத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் சுட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது.

ஜெர்மன் சுடுதளத்தில் அங்கேயே சுட்டுத் தீர்ப்பதற்கு அனுமதி இல்லாதவரும் தோட்டா வாங்கலாம். மிச்சத்தை வெளியே எடுத்துப் போகக் கூடாது.

வீட்டில் நானே நிரப்பிய தோட்டாவைக் கொண்டுவரலாமா?

தவிர்ப்பதே நல்லது. சில விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத்தில் காட்டவும் உங்களிடம் எதுவும் இருக்காது. மூடிய தொழிற்சாலைப் பெட்டி கேள்விகளைக் குறைக்கும்.

முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடலாமா?

கூடாது. தோட்டா வெடிபொருள். சாதாரணத் தபாலில் போட்டால் குற்றம்.

துப்பாக்கியே கொண்டுபோகாமல் இரவல் வாங்கினால்?

குறுகிய பயணத்துக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஸ்காட்லாந்தின் மான் வேட்டைப் பண்ணைகளில் பண்ணையின் ரைஃபிளையே வருகையாளருக்குத் தருவது பழைய வழக்கம். நிலத்துக்கு உரியவரோ அவர் அனுமதித்தவரோ கூடவே இருக்க வேண்டும், வாங்குகிறவருக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். ஜெர்மனியில் வேட்டை லைசென்ஸ் உள்ளவருக்கு ஒரு மாதம் வரை நீண்ட துப்பாக்கியை இரவல் கொடுக்கலாம். தோட்டாவும் அந்த ரைஃபிளுக்குப் பழகியதாகவே வரும், சுங்கமும் விமானமும் தலைவலி இல்லை. கையில் வாங்கியதும் சுடுதளத்தில் சில முறையாவது சுட்டுப் பாருங்கள். செட் ட்ரிக்கர் வைத்த ஜெர்மன் ரைஃபிளில் விசையை முன்னே தள்ளியபின் விரல் பட்டாலே வெடித்துவிடும்.

மிஞ்சிய தோட்டாவை என்ன செய்வது?

5 கிலோவுக்குள் இருந்தால் வந்த வழியிலேயே திரும்பக் கொண்டுபோகலாம், வாங்கிய நாட்டின் ஏற்றுமதி விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே காலிபருக்கு அனுமதி உள்ள உங்களை அழைத்தவரிடமோ கடையிலோ ஒப்படையுங்கள். ஓட்டல் மேஜை டிராயரிலும் வாடகைக் காரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கிளம்பும் முன் வேட்டை ஜாக்கெட்டின் எல்லாப் பைகளையும், பைனாகுலர் உறையையும், முதுகுப்பையின் அடியையும் வெளியே திருப்பிக் கொட்டிப் பாருங்கள். தனியாக உருண்டு கிடக்கும் ஒரு தோட்டா கைப்பையில் பாதுகாப்புச் சோதனையில் தெரிந்தால் விமானம் போய்விடும், விசாரணை தொடங்கும். வழியில் சென்னை, டெல்லி வழியாக ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் பையையே கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். ஐரோப்பாவில் வாங்கிய லைசென்ஸ் அங்கே உதவாது.